ஸ்பெயினின் நீர்த்தேக்கங்களும் நீருள் ஆழ்ந்த ஊர்களும் – ஒரு வரலாற்று நோக்கு

ஸ்பெயினின் தென்மேற்குப் பகுதியான எஸ்திரமதுராவில், மெரிடா நகருக்கு வடக்கே சில கிலோமீற்றர் தொலைவில், புரொசெர்பினா என்னும் நீர்த்தேக்கம் உள்ளது. கருங்கற் பாறைகளும் ஓக் மரங்களும் பரந்து கிடக்கும் மேய்ச்சல் நிலத்தின் நடுவே அமைந்த அதனைக் கோடையில் நீராட வருவோர் இயற்கையான ஏரியெனவே கொள்வர். எனினும் அதன் ஒரு கரை 427 மீற்றர் நீளமான அணைக்கட்டாகும். நீர்ப்புறத்தே செதுக்கிய கருங்கல்லும், உள்ளே சாந்துக் கலவையும், மறுபுறத்தே பெரும் மண்மேடும் கொண்டதாக அது விளங்குகின்றது. கி.மு. 25இல் அகுஸ்துஸ் தன் படையிலிருந்து ஓய்வுபெற்ற வீரரைக் குடியேற்றிய எமெரிட்டா அகுஸ்தா என்ற நகரமே இன்றைய மெரிடா. அந்நகருக்கு நீர் வழங்கும்பொருட்டு உரோமர் கட்டியதே இவ்வணை என்பது நெடுங்காலமாக நிலவிவரும் கருத்து. அண்மைக்கால ஆய்வாளர் சிலர் அதன் காலத்தைப் பின்தள்ள முனைந்துள்ளனராயினும், அதன் தொன்மையை ஐயுறுவார் இலர். 1990களின் தொடக்கத்தில் வண்டல் அகற்றப்பட்டபோது, அதுகாறும் சேற்றுள் மறைந்திருந்த ஆழமான அடிக்கட்டொன்று வெளிப்பட்டது.

அதன் பெயரும் ஒரு வரலாற்றுப் படிவமே. பதினெட்டாம் நூற்றாண்டில் புரொசெர்பினா என்னும் பெண்தெய்வத்தை விளித்த கல்வெட்டொன்று அங்கு கண்டெடுக்கப்பட்டது; அதன் பின்னரே இன்றைய பெயர் வழக்கில் வந்தது. அதற்கு முன்னர் ஊரார் அதனை அல்புவேரா என்றனர். ஏரியைக் குறிக்கும் அரபுச் சொல்லின் திரிபு அது. உரோமர் கட்டினர், அரபு மொழியினர் பெயரிட்டனர், கிறித்தவக் குடியானவர் அப்பெயரைப் பேணினர். இவ்வளவும் நிகழ்ந்தபின் எவர் நிலம் அதனுள் அமிழ்ந்தது என்று வினவுவார் எவருமில்லை. ஆனால் இருபதாம் நூற்றாண்டில் எழுந்த ஸ்பானிய நீர்த்தேக்கங்களுக்கு இத்தகைய மறதி வாய்க்கவில்லை. அவற்றின் நீர்மட்டம் தாழும் ஒவ்வொரு வறட்சியிலும் அவ்வினா மேலெழுகின்றது. அதற்கான காரணம் அணைகளின் பருமனில் மட்டும் தங்கியிருக்கவில்லை. நீரைப் பற்றிய முடிவை எடுத்தவர் யார் என்பதிலேயே அது பெரிதும் தங்கியுள்ளது.

ஸ்பெயினின் புவியியல் இதற்குப் பின்புலமாகும். வடமேற்கே கலீசியாவின் சில பகுதிகளில் ஆண்டுக்கு 1,500 மில்லிமீற்றருக்கும் மேற்பட்ட மழை பெய்ய, தென்கிழக்கே அல்மெரியாக் கரையோரத்தில் 200 மில்லிமீற்றர்தானும் கிடைப்பது அரிது. கோடை நீண்டது, ஆறுகள் அக்காலத்தில் மெலிந்து, இலையுதிர்கால மழையிற் பெருக்கெடுப்பன. ஆகவே நீரைத் தேக்குவது அந்நாட்டிலே ஆடம்பரமன்று, உழவின் முன்நிபந்தனையாகும்.

தென்கிழக்கு ஸ்பெயின் இத்தேவைக்குக் கண்ட விடை அணையைக் காட்டிலும் வாய்க்காலாகவே இருந்தது. இஸ்லாமியர் ஆட்சிக்காலத்தில் விரிவடைந்த பாசன முறைமை, அவர்தம் ஆட்சி நீங்கிய பின்னரும் நிலைத்தது. வாய்க்காலைக் குறிக்கும் அஸேக்கியா, நீரிறைக்கும் சக்கரத்தைக் குறிக்கும் நோரியா, தடாகத்தைக் குறிக்கும் அல்பெர்க்கா ஆகிய சொற்கள் யாவும் அரபு மூலமுடையன. சொற்களினும் முக்கியமானது நிறுவனம். வலென்சியா நகரில், பேராலயத்தின் அப்போஸ்தலர் வாயிலில், வியாழக்கிழமைதோறும் நண்பகலில் நீர் நீதிமன்றம் கூடுகின்றது. துரியா ஆற்றிலிருந்து பிரியும் எட்டு வாய்க்கால்களின் உழவர்கள் தம்முள் தெரிந்தெடுத்த எண்மரே அதன் நீதிபதிகள். வழக்கு வாய்மொழியாகவே நிகழும், வழக்கறிஞர் இல்லை, குற்றஞ்சாட்டப்பட்டவரின் வாய்க்காலைச் சேர்ந்த நீதிபதி தீர்ப்பிற் பங்குகொள்வதில்லை. 2009இல் யுனெஸ்கோ இதனை மானிடத்தின் புலப்படாப் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது. இதனைக் காண வரும் உல்லாசப் பயணிகளின் தொகை இன்று வழக்குகளின் தொகையை விஞ்சிவிட்டதெனினும், நீரைப் பயன்படுத்துவோனே நீரின் நெறியையும் வகுப்பான் என்ற தத்துவம் அங்கே கண்கூடு.

அரசு மேலிருந்து அணை கட்டப் புகுந்தபோது இத்தத்துவம் பின்தள்ளப்பட்டது. மூர்சியாப் பிரதேசத்து லோர்க்கா நகருக்கு மேலே, குவாதலென்தீன் ஆற்றின் குறுக்கே, மூன்றாம் கார்லொஸ் மன்னன் காலத்தில் தொடங்கப்பட்ட புவென்தெஸ் அணை இதற்கொரு துயரச் சான்று. 1785க்கும் 1791க்கும் இடையில் எழுந்த அவ்வணை ஏறத்தாழ 50 மீற்றர் உயரமுடையது. ஆற்றுப்படுக்கையின் நடுவே பாறை தட்டுப்படாமையால், சரளைப் படிவினுள் மரத்தூண்களை அறைந்து அவற்றின் மீதே நடுப்பகுதியை நிறுத்தினர். சில ஆண்டுகள் வரை நீர்மட்டம் தாழ்ந்தே இருந்தமையாற் குறை தெரியவில்லை. 1802 ஏப்ரல் 30ஆம் நாள், நீர் உயர்ந்து நின்ற வேளையில், அடித்தளத்தைக் குடைந்துகொண்டு வெள்ளம் பாய்ந்தது. கட்டின் இருபுறமும் நிற்க நடுவே ஒரு பெருவாயில் திறந்தாற்போலாயிற்று. 608 பேர் மாண்டனர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நீர்ப்பிரச்சினையை நாட்டின் தலையாய அரசியற் பிரச்சினையாக்கியவர் ஹோவாக்கின் கொஸ்தா. 1846இல் வடகிழக்கே அரகொனின் உவெஸ்கா மாகாணத்து மொன்சோனில் எளிய உழவர் குடும்பமொன்றிற் பிறந்து, பிரனீஸ் மலையடிவாரத்துக் கிராவுஸ் என்ற சிற்றூரில் வளர்ந்தவர் அவர். சட்ட அறிஞராகவும் வரலாற்றாசிரியராகவும் விளங்கிய கொஸ்தா, 1892இல் மேல் அரகொன் உழவர் சபையை நிறுவி, வறண்ட சமவெளிகளுக்கு மலைநீரைக் கொணர வேண்டுமென இயக்கம் நடத்தினார். 1898இல் கியூபா, புவேர்தோ ரிக்கோ, பிலிப்பைன்ஸ் ஆகியவற்றை ஸ்பெயின் இழந்து நின்றபோது, குடியேற்ற நாடுகளிற் செலவிட்ட பொருளையும் ஆற்றலையும் இனித் தன் சொந்த மண்ணிற் செலவிட வேண்டுமென்ற அவருடைய வாதம் பெரும் செல்வாக்குப் பெற்றது. 1902இல் உருவான அரச நீர்ப்பாசனத் திட்டமும், 1906இல் திறக்கப்பட்ட அரகொன் – கத்தலோனியாக் கால்வாயும் அச்சூழலின் விளைவுகளாம்.

கொஸ்தாவின் சிந்தனையில் மற்றொரு கூறு இருந்தது. அது பெரிதும் பேசப்படுவதில்லை. மேல் அரகொன் மலையூர்களின் வழக்காற்றுச் சட்டங்களை முதன்முதல் முறையாகத் திரட்டியவர்களுள் அவர் முதன்மையானவர். பொது மேய்ச்சல் நிலம், கூட்டுழைப்பு, குடும்பச் சொத்துரிமை ஆகியவற்றை ஆராய்ந்து, 1898இல் ஸ்பெயினின் உழவர் கூட்டுடைமை பற்றிப் பெருநூலொன்றும் இயற்றினார். அணை வேண்டுமென்றவரும், அணையாற் பின்னர் அழியவிருந்த ஊர்களின் வாழ்வைப் போற்றியவரும் ஒருவரே. அவ்விரண்டும் மோதக்கூடுமென அவர் போதிய அளவு சிந்தித்தார் எனல் அரிது. 1911இல் அவர் கிராவுஸில் மறைந்தார். 1932இல் அவ்வூருக்குச் சற்றுக் கீழே எசெரா ஆற்றின் குறுக்கே கட்டி முடிக்கப்பட்ட நீர்த்தேக்கத்துக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. அத்தேக்கத்தின் அடியில் ஆழ்ந்தது பராசோனா என்ற ஊர். நீர்த்தேக்கத்தை இன்றும் பலர் கொஸ்தாவின் பெயரால் அழைக்காது ஊரின் பெயராலேயே அழைக்கின்றனர்.

உள்நாட்டுப் போரின் பின் ஆட்சிக்கு வந்த பிராங்கோவின் காலத்தில் கொஸ்தாவின் கனவு அதன் சமூக உள்ளடக்கம் நீங்கப்பெற்று நிறைவேறியது. சர்வாதிகாரி அணைகளைத் திறந்துவைக்கும் காட்சி திரையரங்குகளிற் செய்திப்படமாக ஓயாது காட்டப்பட்டது. எப்போதும் நீரோரத்திலேயே காணப்பட்ட அவருக்கு மக்கள் 'பாக்கோ தவளை' எனப் பட்டப்பெயர் வைத்தனர். கீழ்க் குவாதல்கிவீர்க் கால்வாயை வெட்டுவதிற் போரில் தோற்ற தரப்புக் கைதிகள் ஈடுபடுத்தப்பட்டனர்; அது இன்றும் கைதிகளின் கால்வாய் எனப்படுகின்றது. 1952இல் தொடங்கிய பதஹோஸ் திட்டம் எஸ்திரமதுராவின் வறண்ட நிலங்களுக்கு நீர் கொணர்ந்தது. குடியேற்ற நிறுவனம் நாடெங்கும் ஏறத்தாழ 300 புதிய ஊர்களை அமைத்து, உழவருக்குச் சிறு நிலத்துண்டுகளை வழங்கியது. ஆயின் நீரால் விலைமதிப்புயர்ந்த நிலத்திற் கணிசமான பங்கைப் பெருநிலவுடைமையாளரே தக்கவைத்துக்கொள்ளச் சட்டம் இடமளித்தது. நிலச்சீர்திருத்தம் செய்ய விரும்பாத ஓர் ஆட்சி, அதற்கு ஈடாக நீரைக் காட்டிற்று எனல் பொருந்தும்.

இக்காலத்தில் விலை செலுத்தியவை பெரும்பாலும் மலைநாட்டுப் பள்ளத்தாக்குகளே. ஆற்றங்கரை வயலே மலையூரின் உயிர்நிலை. அணை முதலில் மூடுவதும் அதனையே. உவெஸ்காவில், சிங்கா ஆற்றோரத்து மெதியானோ ஊர் 1969இல் நீருள் ஆழ்ந்தது. நீர் தெருக்களிற் புகுந்துகொண்டிருக்கையிலேயே குடும்பங்கள் வெளியேறின. பதினாறாம் நூற்றாண்டுத் தேவாலயத்தின் கோபுரம் மட்டும் இன்றும் நீர்ப்பரப்பின் மேல் நிற்கின்றது. வறட்சியில் அதன் வாசல்வரை நடந்து செல்லலாம். லெயோன் பிரதேசத்திற் பொர்மா அணையைக் கட்டிய பொறியியலாளர் ஹுவான் பெனெத், ஸ்பானிய நவீன நாவலின் முதல்வர்களுள் ஒருவர். அவ்வணையால் மூழ்கிய வெகாமியானிற் பிறந்த ஹூலியோ யமசாரெஸும் நாவலாசிரியரே. ஊரை நீருக்குள் விட்டுவந்த குடும்பமொன்றின் உள்ளத்தை 2015இல் அவர் நாவலாக்கினார். மலையூர்கள் வெறுமையானமைக்கு அணைகளே முழுக் காரணம் எனல் தவறு. தொழில் நகரங்களின் ஈர்ப்பும், சாலை, மின்சாரம், பள்ளி ஆகியவை இன்மையும், அரசு காடு வளர்ப்புக்கென ஊர்களை விலைக்கு வாங்கியமையும் சேர்ந்தே அவற்றைக் காலியாக்கின. ஆனால் ஏனைய காரணங்களாற் போனவன் திரும்பி வருதல் கூடும். நீருக்குக் கொடுத்தவனுக்கு அந்த வழியும் அடைபட்டுவிடுகின்றது.

இவ்வனைத்தையும் சர்வாதிகாரத்தின் கணக்கிலேயே எழுதிவிடுவாரும் உளர். ரியாஞ்ஞோவின் கதை அதற்கு இடந்தரவில்லை. லெயோன் மலைகளிடையே அமைந்த அப்பள்ளத்தாக்கிற்கான அணை பிராங்கோ காலத்திலே தொடங்கப்பட்டதாயினும், 1987இல் ஊர்களை இடித்து நீரைத் தேக்கியது தேர்தல்மூலம் ஆட்சிக்கு வந்த சோசலிச அரசாகும். ஊரார் கூரைகளின் மேலேறி நின்று எதிர்த்தனர்; காவற்படையின் துணையுடன் வீடுகள் தகர்க்கப்பட்டன. அவ்வாண்டின் இறுதி நாளன்று மதகுகள் மூடப்பட்டன. மேட்டிலே புதிய ரியாஞ்ஞோ எழுந்தது. அதன் நீர்ப்பரப்பையும் சுற்றி நிற்கும் சுண்ணக்கற் சிகரங்களையும் கண்டு மகிழ இன்று பயணிகள் திரள்கின்றனர். காட்சியின் அழகை மறுத்தற்கில்லை. புரொசெர்பினா அடைந்த 'இயற்கை' நிலையை ரியாஞ்ஞோவும் ஒருநாள் அடையலாம். அந்நாள் இன்னும் வரவில்லை.

அண்மைய வறட்சிகள் அந்நாளைத் தள்ளிப்போட்டுள்ளன. 2022இல் வல்தெகாஞ்ஞாஸ் நீர்த்தேக்கம் வற்றியபோது, குவாதல்பெரால் என்னுமிடத்துப் பெருங்கற்காலக் கல்வட்டம் முழுவதுமாக வெளிப்பட்டது. 1920களில் அகழப்பட்டு, 1963இல் நீருள் மறைந்த சின்னம் அது. கத்தலோனியாவின் சாவு நீர்த்தேக்கத்தில், பதினோராம் நூற்றாண்டுத் தேவாலயம் அடிவரை தெரிந்தது. இவற்றைப் படமெடுக்கச் சென்றோர் பலர். தம் வீட்டுச் சுவரைத் தேடிச் சென்ற முதியோரும் அவர்களிடையே இருந்தனர்.

கொஸ்தாவின் அதே உவெஸ்கா மாகாணத்தில், சிங்காவின் கிளையாறான ஆராவின் கரையில், ஹானோவாஸ் என்ற ஊர் உள்ளது. மின்னுற்பத்திக்கான அணையொன்றின் பொருட்டு 1960களில் அதன் மக்கள் வெளியேற்றப்பட்டனர். வெளியேற மறுத்தோரின் அயல்வீடுகள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. பள்ளிக்கூடம் மாணவர் உள்ளிருக்கையிலேயே வலிந்து மூடப்பட்டது. எஞ்சியிருந்த இறுதிக் குடும்பம் 1984இல் அகன்றது. ஆனால் அணை கட்டப்படவேயில்லை. 2001இற் சுற்றாடல் ஆய்வு அத்திட்டத்துக்கு எதிராக முடிவு கூறிற்று. ஆரா இன்றும் பெரிய அணையேதுமின்றி ஓடுகின்றது. முன்னாட் குடிகளும் அவர்தம் மக்களும் திரும்பி வந்து இடிபாடுகளிடையே வீடுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டுகின்றனர். அதற்கு முன், ஒரு காலத்தில் தம்மிடமிருந்து பறிக்கப்பட்ட நிலத்தை என்ன விலைக்கு மீள வாங்குவது என்பது பற்றி அவர்கள் பல ஆண்டுகள் வழக்காட வேண்டியிருந்தது.