காம்பன்சேட்டர் கைத்துப்பாக்கி

காம்பன்சேட்டர் கைத்துப்பாக்கி என்பது, குழல்வாயில் வெடிவளிமத்தை மேல்நோக்கித் திருப்பி, சுடும்போது முனை எழும்புவதைக் குறைக்கும் கருவி பொருத்தப்பட்ட போட்டித் துப்பாக்கி ஆகும். இதில் பெரும்பாலும் செம்புள்ளிக் குறிநோக்கியும் பொருத்தப்படும். 1990 உலகப் போட்டியில் அமெரிக்கரான டக் கோனிக் இவ்வகைக் குறிநோக்கியுடன் வென்றார்.

தேர்வு

பன்னாட்டு நடைமுறைச் சுடுதல் கூட்டமைப்பின் (ஐ.பி.எஸ்.சி.) விதிகளின்படி, குறிநோக்கி மட்டும் உள்ள துப்பாக்கிக்கு 'புரொடக்சன் ஆப்டிக்ஸ்' பிரிவு உண்டு. காம்பன்சேட்டர் இருந்தால் 'ஓப்பன்' பிரிவிலேயே போட்டியிட வேண்டும். அப்பிரிவில் தோட்டாவின் வலுக்காரணி 160ஐ எட்டினால் 'மேஜர்', 125ஐ எட்டினால் 'மைனர்' எனக் கணக்கிடப்படும். இலக்கின் நடுப்பகுதிக்கு இரண்டிற்கும் 5 புள்ளிகள். வெளிப்பகுதிகளுக்கு மேஜர் முறையே 4, 2 புள்ளிகளும் மைனர் 3, 1 புள்ளிகளும் பெறும். வெடிமருந்து குறைந்த தோட்டாவில் வளிமமும் குறைவதால் காம்பன்சேட்டரின் பயனும் குறையும். எனவே துப்பாக்கிக்கு முன்பாகப் பிரிவையும் தோட்டாவையும் தீர்மானித்தல் வேண்டும்.