பஞ்சகெந்த்: கூடைக்குள் இருந்த மொழி

பஞ்சாமிர்தம், பஞ்சபாண்டவர், பஞ்சகெந்த்.

மூணாவது நம்ம பக்கத்து ஊர் இல்லீங்க, தஜிகிஸ்தான்ல இருக்கு. பாரசீகத்துல 'பஞ்ஜ்'னா ஐந்து. நாம வடமொழியில இருந்து எடுத்துக்கிட்ட 'பஞ்ச'வுக்கு ஒண்ணுவிட்ட தம்பி. 'கெந்த்'னா ஊர், சமர்கந்த், தாஷ்கெந்த்ல வர்றதும் அதுதான். ஆக, ஐந்தூர் :-)

ஸரஃப்ஷான் ஆத்தங்கரையில, சமர்கந்துக்குக் கிழக்கே சுமார் 60 கிலோமீட்டர்ல, இருக்கிற சின்ன ஊர். பேச்சு தஜிக், அதாவது பாரசீகம். பாரசீகக் கவிதையின் தந்தை எனப்படும் ரூதகி பிறந்ததும் பக்கத்துல பஞ்ஜ்ரூத் கிராமத்துலதான். சரி, அப்ப காலங்காலமா பாரசீகம் பேசுற ஊர்போலன்னுதான் நானும் நினைச்சேன். இல்லை.

1932-ல் முக் மலையில ஆடு மேய்க்கப் போன ஒருத்தர் கண்ணுல ஒரு கூடை பட்டது. உள்ளே எழுத்து உள்ள தாள்கள். அடுத்த வருஷம் சோவியத் ஆய்வாளர்கள் வந்து தோண்டினாங்க. காகிதம், தோல், குச்சின்னு எழுபதுக்கும் மேல ஆவணங்கள் கிடைச்சுது. பெரும்பாலானவை சோக்தியம் என்ற மொழியில. அரபியில ஒரே ஒரு கடிதம். அதை கிராச்கோவ்ஸ்கி படிச்சப்பதான் குட்டு உடைஞ்சுது: எழுதினவர் திவாஷ்டிச், பஞ்சகெந்தின் அரசர்.

அரபுப் படைக்குத் தப்பி, மக்களோட அந்த மலைக்கோட்டைக்குப் போனவர் அவர். 722-ல் சரணடைந்தார். பிறகு கொல்லப்பட்டார். தாள்கள் மட்டும் 1200 வருஷம் அங்கேயே கிடந்தன.

ஒரு அரசர் உயிருக்கு ஓடும்போது என்ன எடுத்துட்டுப் போவார்? அங்கே கிடைச்சதுல ராஜாங்கக் கடிதங்களோட மாவு மில் குத்தகைப் பத்திரமும் இருக்கு. 710-ஆம் ஆண்டுக் கல்யாண ஒப்பந்தம் ஒண்ணும் இருக்கு. பொண்டாட்டி சம்மதிக்காம இன்னொருத்தியைச் சேர்த்துக்கிட்டா புருஷனுக்கு 30 திர்ஹம் அபராதம். ஒத்து வரலேன்னா அவளும் விலகிப் போகலாம். படிச்சுட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்துட்டேன்.

ஊர் எரிஞ்சுது. 740 வாக்குல திரும்பக் கட்டினாங்க, 770-களில் காலி செஞ்சுட்டாங்க. 1947-ல் இருந்து அகழாய்வு. வீட்டுச் சுவரெல்லாம் ஓவியம்! ஷாநாமா 1010-ல் எழுதி முடிக்கப்படுறதுக்கு 200 வருஷத்துக்கு மேல முன்னாடியே ருஸ்தம் அங்கே சண்டை போடுறார். இன்னொரு பக்கம் சிங்கத்தைக் கிணத்துல தள்ளின முயல். ஆமாங்க, நம்ம பஞ்சதந்திரம். பல பத்தாண்டுகள் அங்கே தோண்டிய போரிஸ் மார்ஷக் 2006-ல் அந்த ஊர்லயே இறந்து, அங்கேயே அடக்கமானார்.

சோக்தியம் எப்படிப் போச்சு? பட்டுப்பாதையில வியாபாரம் பேசின மொழி அது. மங்கோலியர்கள் மேலிருந்து கீழா எழுதுற எழுத்துக்குக்கூட மூலம் அதுதான். வாளால மட்டும் அது சாகலை. சாமானியர் ஆட்சியில அரசவை, கவிதை, பதவி எல்லாம் பாரசீகத்துக்கு வந்தது. பிள்ளைங்களுக்கு அது போதும்னு ஆச்சு. 11-ஆம் நூற்றாண்டுக்குள்ள பழைய மொழி கிட்டத்தட்ட மறைஞ்சுடுச்சு.

முழுசா இல்லை. மலைக்குள்ள யக்னோப் பள்ளத்தாக்குல அதோட கிளைமொழி ஒண்ணின் வாரிசைச் சில ஆயிரம் பேர் பேசிட்டு இருந்தாங்க. 1970-71-ல் சோவியத் அரசு அவங்களை ஹெலிகாப்டர்ல ஏத்தி, ஸஃபராபாத் பருத்திக் காட்டுல இறக்கிவிட்டது. பின்னாடி கொஞ்சம் பேர் திரும்பி வந்தாங்க. யக்னோபி இன்னும் இருக்கு.

பாரசீகத்தைக் குறை சொல்ல வரலை. ரூதகி பிறந்த மண்ணுல எப்படிச் சொல்றது? நான் யோசிக்கிறது வேற. பகல் முழுக்க ஆபீஸ்ல ஆங்கிலத்துல மெயில் எழுதிட்டு, ராத்திரி இங்கே வந்து தமிழ்ல தட்டுறேன். குத்தகைப் பத்திரம், கல்யாண ஒப்பந்தம்னு அன்றாடக் காரியமெல்லாம் சோக்தியத்துல நடந்த வரைக்கும் அது உயிரோட இருந்தது. நான் கடைசியா ஒரு வாடகை ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டேன். அது எந்த மொழியில இருந்ததுன்னு கேட்காதீங்க.

நீங்க போட்டது?