வாயடைத்து நின்ற துணி வியாபாரி

2012 ஜூன் 6-ஆம் தேதி காலை. எனக்கு எட்டு வயது. எங்கள் வீட்டு மொட்டை மாடியில் அப்பா ஒரு பழைய பைனாகுலரை நாற்காலியில் கட்டி, சூரிய ஒளியை ஒரு வெள்ளை அட்டையில் விழ வைத்தார். அந்த வெளிச்ச வட்டத்தில் மிளகு போல ஒரு கரும்புள்ளி. "அதுதாண்டா வெள்ளி" என்றார். பார்த்தேன். பிறகு இட்லி சாப்பிடக் கீழே போய்விட்டேன்! அடுத்த முறை அது நடக்கப் போவது 2117 டிசம்பரில் என்று பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அந்த இட்லி மீது எனக்கு இன்னமும் கோபம் உண்டு.

சரி, விஷயத்துக்கு வருவோம். சூரியனுக்கும் நமக்கும் நடுவில் வெள்ளி நேர்கோட்டில் வந்தால், சூரியன் மீது ஒரு புள்ளி நகர்வது போலத் தெரியும். இதைத்தான் வெள்ளியின் இடைநகர்வு என்கிறார்கள். எட்டு வருட இடைவெளியில் இரண்டு முறை வரும் (2004, 2012 போல). அதன்பின் நூறு வருடத்துக்கு மேல் எதுவும் இல்லை.

இதை முதலில் பார்த்துக் குறித்து வைத்தவர்கள் பெரிய விஞ்ஞானிகள் என்றுதான் நானும் நினைத்தேன். இல்லை! இங்கிலாந்தில் சுமார் இருபது வயதுப் பையன் ஒருவர், அவருடைய நண்பரான ஒரு துணி வியாபாரி. அவ்வளவுதான்.

பையனின் பெயர் ஜெரிமையா ஹொராக்ஸ். 1632-இல் கேம்பிரிட்ஜில் சேர்ந்தார். கையில் காசில்லை, கல்லூரியில் எடுபிடி வேலைகள் செய்து செலவைச் சமாளிக்கும் மாணவர். 1635-இல் பட்டம் வாங்காமலே ஊருக்குத் திரும்பிவிட்டார். வானியலைத் தானாகவே படித்தார். துணி வியாபாரியின் பெயர் வில்லியம் க்ராப்ட்ரீ. மான்செஸ்டருக்குப் பக்கத்து ஊர். இருவரின் நட்பும் கடிதங்களில் வளர்ந்தது. கெப்ளரின் அட்டவணைகள்தான் நம்பத்தக்கவை என்று ஹொராக்ஸுக்கு எடுத்துச் சொன்னதே க்ராப்ட்ரீதான். (பி.காம். படிக்கிற எனக்கு இதில் கொஞ்சம் பெருமை. பகலில் துணிக் கணக்கு, இரவில் நட்சத்திரக் கணக்கு!)

கெப்ளர் 1631-இல் ஒரு இடைநகர்வு வரும் என்று கணித்திருந்தார். வந்தது, ஆனால் ஐரோப்பாவில் அப்போது இரவு. அதைப் பார்க்க கெப்ளரும் உயிரோடு இல்லை. அவர் கணக்குப்படி அடுத்தது 1761-இல்தான். 1639-இல் வெள்ளி சூரியனைத் தொடாமல் மயிரிழையில் விலகிப் போய்விடும். ஹொராக்ஸ் அந்தக் கணக்கைத் தன் அளவீடுகளோடு ஒப்பிட்டுத் திருத்தினார். விலகாது, குறுக்கேதான் போகும் என்று தெரிந்தது. நாள், அன்றைய இங்கிலாந்து நாட்காட்டிப்படி 1639 நவம்பர் 24, ஞாயிறு, மாலை மூன்று மணி சுமார் (இன்றைய நாட்காட்டியில் டிசம்பர் 4). அதற்கு ஒரு மாதம்தான் பாக்கி! உடனே க்ராப்ட்ரீக்குக் கடிதம் போட்டார். லிவர்பூல் பக்கம் இருந்த தன் சகோதரருக்கும் எழுதினார்.

மச் ஹூல் என்ற சின்னக் கிராமத்தில் ஓர் இருட்டறை. டெலஸ்கோப் வழியே வந்த சூரிய பிம்பம் ஒரு தாளில் விழுந்தது. ஆறு அங்குல வட்டம், ஓரத்தில் டிகிரிக் குறிகள். கணக்கு தப்பியிருந்தால் என்ன செய்வது என்று முந்தின நாளே பார்க்க ஆரம்பித்துவிட்டார். ஞாயிறன்று மேகம் வந்து வந்து போனது. நடுவில் அதைவிட முக்கியமான கடமைக்காகப் போக வேண்டியிருந்ததாக அவரே எழுதியிருக்கிறார். திரும்பி வந்தபோது மணி 3.15. மேகம் விலகியது. தாளில் கரிய, வட்டமான ஒரு புள்ளி, சூரியனுக்குள் முழுதாக நுழைந்திருந்தது!

சூரியன் மறைய அரை மணி நேரம்தான் இருந்தது. 3.15, 3.35, 3.45 என மூன்று முறை இடத்தைக் குறித்தார். 3.50-க்கு சூரியன் மறைந்துவிட்டது. வெள்ளி அதுவரை நினைத்ததைவிட மிகச் சிறியது என்று தெரிந்தது. அதையும் ஒரு யூகத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு, சூரியன் சுமார் 9.5 கோடி கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் என்றார். உண்மையான தூரம் 15 கோடி. தப்புதான். ஆனால் கெப்ளர் சொன்னது இரண்டு கோடி சொச்சம்!

சகோதரரின் ஊரில் ஒரே மேகம். க்ராப்ட்ரீக்கும் 3.35 வரை மேகம்தான். திடீரென்று விலகியது. புள்ளியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். அளக்கவில்லை, குறிக்கவில்லை, வாயடைத்து நின்றுவிட்டார். மறுபடியும் மேகம் மூடியது. பிறகு நினைவிலிருந்து ஒரு படம் வரைந்தார். அது ஹொராக்ஸின் குறிப்போடு ஒத்துப் போனது. ஹொராக்ஸ் இதற்காக நண்பரைத் திட்டவில்லை. வானத்தைப் பார்க்கிறவர்கள் இப்படித்தான் பரவசப்பட்டு விடுகிறோம் என்று பாதி கேலியாக எழுதினார்.

1641 ஜனவரி 3-ஆம் தேதி ஹொராக்ஸ் திடீரென இறந்தார். மறுநாள் க்ராப்ட்ரீயைப் பார்க்கப் போவதாக இருந்தார். க்ராப்ட்ரீயும் 1644-இல் போய்விட்டார். ஹொராக்ஸ் எழுதி வைத்தது 1662-இல்தான் அச்சேறியது, அதுவும் போலந்துப் பக்கம் டான்சிக் நகரில், ஹெவீலியஸ் என்ற வானியலாளரின் முயற்சியால். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் ஹொராக்ஸுக்கு நினைவுக்கல் வைத்தது 1874-இல்!

அதே 1874-இல்தான் இடைநகர்வை முதன்முறையாக ஃபோட்டோ எடுத்தார்கள். பல நாடுகள் கப்பல் கப்பலாக ஆட்களையும் கருவிகளையும் அனுப்பின. படங்களில் ஓரங்கள் மங்கியதால், எதிர்பார்த்த துல்லியம் கிடைக்கவில்லை. 2012-இல் சாதாரண ஆட்களே டிஜிட்டல் கேமராவில் வடிகட்டி மாட்டி அழகாக எடுத்துவிட்டார்கள்.

எங்கள் வீட்டில் அன்றைக்கு யாரும் படம் எடுக்கவில்லை. அப்பாவிடம் கேட்டேன். "கேமரா உள்ளேதான் இருந்துச்சு, தோணலை" என்றார். எனக்கு க்ராப்ட்ரீ ஞாபகம்தான் வந்தது. என்னிடம் இருப்பதும் அந்த மிளகுப் புள்ளியின் நினைவு மட்டுமே.

வெள்ளியை இனி நாம் பார்க்கப் போவதில்லை. ஆனால் 2032 நவம்பர் 13, சனிக்கிழமை மதியம், புதன் கோள் சூரியனைக் கடப்பது இந்தியாவில் தெரியும். புதன் ரொம்பச் சின்னது, வடிகட்டி போட்ட டெலஸ்கோப் வேண்டும். வெறும் கண்ணாலோ பைனாகுலர் வழியாகவோ சூரியனை நேராகப் பார்த்துவிடாதீர்கள், கண் போய்விடும். தேதியைக் குறித்துக்கொண்டேன். அன்றைக்கு மதியச் சாப்பாடு ஆறினால் ஆறட்டும்.