ஃபார்தரா, ஃபேர்தரா?

திருகோணமலை நகரத்தில் பின்னேர வகுப்புகளில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். சாதாரண தரப் பிள்ளைகளின் கொப்பிகளில் ஓயாமல் வரும் பிழை 'மோர் ஃபார்'. பிள்ளைகளைக் குறைசொல்ல முடியாது. 'கிண்ணியாவை விட மூதூர் தூரம்' என்னும்போது தமிழில் 'தூரம்' மாறுவதில்லை. ஒப்பிடும் வேலையை 'விட' பார்த்துக்கொள்கிறது. ஆங்கிலத்தில் சொல்லே உருமாற வேண்டும். 'ஃபார்' என்பது 'ஃபார்தர்' ஆகும். அதற்கு முன்னால் 'மோர்' வேண்டாம்.

மூதூர்ப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி ஒருநாள் கேட்டாள்: "ரீச்சர், கடலால போனா மூதூர் கிட்ட, றோட்டால போனாத்தான் தூரம். அப்ப ஃபார்தர் எண்டு போடலாமோ?"

தாராளமாகப் போடலாம். கொட்டியாரக் குடாவை நேரே கடந்தாலும் சுற்றிப் போனாலும் அது அளக்கக்கூடிய தூரம். 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் 2009 ஒக்ரோபரில் திறக்கப்படும்வரை துறையடியில் பாதைக்காகக் காத்துநின்றவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாக விளங்கும். (பாதை என்றால் வாகனம் ஏற்றும் மிதவை, மற்ற ஊர்க்காரருக்காகச் சொல்கிறேன்.)

அடுத்த குழப்பம் 'ஃபேர்தர்'. இரண்டாம் எழுத்து 'ஏ' என்றால் ஃபார்தர், 'யூ' என்றால் ஃபேர்தர். இரண்டில் மூத்தது ஃபேர்தர்தான். 'முன்னோக்கி' என்ற பொருளுள்ள 'ஃபோர்த்' என்ற சொல்லின் உறவு அது. ஃபார்தர் அதன் திரிபாகப் பிறந்து, பிறகு 'ஃபார்' என்பதன் ஒப்பீட்டு வடிவமாக நிலைத்துவிட்டது. தூரத்துக்கு ஃபார்தர், மற்றதற்கு ஃபேர்தர் என்று அமெரிக்க நடைக் கையேடுகள் பிரிக்கின்றன. நாங்கள் பின்பற்றும் பிரித்தானிய ஆங்கிலத்திலோ தூரத்துக்கும் ஃபேர்தர் தாராளமாக வரும். அதைப் பிழையென்று சிவப்பு மையால் வெட்டுவது அநியாயம்.

ஆனால் 'மேலும்', 'மேலதிகமாக' என்ற பொருளுக்கு ஃபேர்தர் மட்டுமே. இந்தப் பொருளில் அது எங்களுக்குப் புதிய சொல் அல்ல. ஊரடங்கு 'மறு அறிவித்தல் வரை' என்று வானொலி சொன்னபோதும், 'மேலதிக விசாரணைகள் நடைபெறுகின்றன' என்று செய்தி முடிந்தபோதும் ஆங்கில மூலத்தில் இருந்தது இதே ஃபேர்தர்தான்.

சம்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். 2006 இல் இடம்பெயர்ந்த சனம் கிளிவெட்டி, பட்டித்திடல் முகாம்களில் ஆண்டுக்கணக்கில் இருந்தது. முகாமிலிருந்து சொந்த வளவு ஒரு பஸ் பயணத் தூரம். 2007 இல் அந்த நிலம் அதியுயர் பாதுகாப்பு வலயமாக வர்த்தமானியில் வந்தது. 2015 இல் 818 ஏக்கர் விடுவிக்கப்பட்டது. கடற்படை முகாம் இருந்த 237 ஏக்கருக்கு 2016 மார்ச் வரை பொறுக்க வேண்டியிருந்தது. அந்தப் பத்து வருடத்தில் கிலோமீற்றர் ஒன்றும் கூடவில்லை. ஆகவே 'வீடு இன்னும் தூரமாகிவிட்டது' என்று அந்தச் சனத்தைப் பற்றி எழுதினால், கண்டிப்பான இலக்கணக்காரர் ஃபார்தரை ஒத்துக்கொள்ளமாட்டார். நான் அதற்குப் புள்ளி குறைக்கமாட்டேன்.

'மிகத் தூரமான' என்பதற்கு ஃபார்தெஸ்ட், ஃபேர்தெஸ்ட் இரண்டும் உண்டு. சோதனையில் தடுமாறினால் ஃபேர்தர் என்றே எழுதுங்கள். தூரத்துக்கும் பொருந்தும், மேலதிகத்துக்கும் பொருந்தும்.