திண்ணை தந்த பாடம்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போகிறவர்கள் 11 நிலைக் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். என் கண் வீட்டுத் திண்ணைகளைத் தேடும். திண்ணைதானே நம் பாட்டன்மாருக்குப் பள்ளிக்கூடம்?

அங்கே எழுத்தைப் பார்த்தால் மட்டும் போதாது. மணலில் விரலால் எழுதி, வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தெரிந்த பையன் தெரியாத பையனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். சொல்லிக்கொடுப்பவன் இரண்டாம் முறை கற்கிறான், அதுதான் சூட்சுமம்.

1789-ல் சென்னை எழும்பூர் அநாதைப் பள்ளியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் பாதிரியார், நாட்டுப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதக் கண்டார். மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பித்தார். 1797-ல் லண்டனில் அதை நூலாக வெளியிட்டார். 'சென்னை முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்தில் பரவியது.

பெருமைதான். ஆனால் 1822-ல் கவர்னர் மன்றோ உத்தரவிட்டு எடுத்த கணக்கைப் பாருங்கள்: சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள்; பெண் பிள்ளைகளோ மிகச் சிலர். ஆண்டாள் தமிழ் பாடிய நாட்டிலே இந்த நிலை! ஒடுக்கப்பட்டோரின் பிள்ளைகளுக்கும் பல ஊர்களில் திண்ணை எட்டாத உயரமாகவே இருந்தது.

செயல்வழிக் கற்றல் 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கியது. 2007-ல் தமிழகமெங்கும் அரசு ஆரம்பப் பள்ளிகளுக்கு வந்தது. ராஜபாளையத்து மில் தொழிலாளியின் மகளும் தானே அட்டையை எடுத்து, செய்து பார்த்து, தோழியோடு பேசிக் கற்க வழி பிறந்தது. பழைய சூட்சுமம், இம்முறை எல்லாரையும் அழைத்துக்கொண்டு திரும்பியது.

இன்று மாலை உங்கள் மகள் பள்ளியிலிருந்து வந்ததும், படித்ததை உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் மாணவராக உட்காருங்கள். திண்ணை இல்லாவிட்டாலும் பாதகமில்லை.