இரண்டு சக்கரமும் இழுக்க

வளைவில் வெளிச் சக்கரம் உள் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும். அதற்கு இடம் கொடுப்பது டிஃபரன்ஷியல். ஆனால் ஒரு சக்கரம் சேற்றில் சிக்கினால் சக்தியெல்லாம் அங்கேயே வீணாகும்; தரையில் நிற்கும் சக்கரம் சும்மா இருக்கும்.

1930-களில் ஆட்டோ யூனியன் பந்தயக் கார்களுக்கு இதே தொல்லை. அவற்றை வடிவமைத்த ஃபெர்டினாண்ட் போர்ஷே இசட்எஃப் நிறுவனத்திடம் தீர்வு கேட்க, ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் பிறந்தது. 1956-ல் பேக்கார்டும் மறுவருடம் செவ்ரோலேயும் அதைச் சாதாரண வாங்குபவருக்குக் கொண்டுவந்தன. செவ்ரோலே வைத்த பெயர் பாசிட்ராக்‌ஷன். ‘மை கசின் வின்னி’ (1992) படத்தில் கொலை வழக்கே இந்தச் சாதனத்தை வைத்துத்தான் உடைகிறது! அதை நீதிமன்றத்தில் விளக்கும் சாட்சியாக நடித்த மரிசா டோமேக்கு ஆஸ்கரும் கிடைத்தது.

இத்தகைய டிஃபரன்ஷியல்கள் பலவற்றின் உள்ளே இருப்பவை கிளட்ச் பிளேட்டுகள். உராய்ந்துதான் வேலை செய்யும் என்பதால் தேய்வதும் நிச்சயம். திரும்பும்போது பின்பக்கம் கடகடவென்று அதிர்ந்தால் முதலில் ஆயிலை மாற்றி, உராய்வைச் சீராக்கும் திரவத்தைச் சேர்த்துப் பார்ப்பார்கள். ஒருகாலத்தில் அதில் திமிங்கில எண்ணெய் இருந்தது. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்கா அதைத் தடை செய்தது.

அதற்கும் அடங்காவிட்டால் முழு யூனிட்டையும் கழற்ற வேண்டியதுதான். பேரிங் மூடிகளில் இடம், வலம் என்று முதலிலேயே குறி போட்டுக்கொள்வார்கள். மாற்றிப் பூட்டினால் பேரிங் சரியாக உட்காராது. கிரவுன் வீலுக்கும் அதைச் சுழற்றும் பினியனுக்கும் நடுவிலான நூலிழை இடைவெளியை ஷிம் தகடுகளால் சரிசெய்வதில்தான் நேரம் போகும். அதில் அவசரப்பட்டால் கார் நெடுஞ்சாலையில் ஊளையிடும்.