கர்சஸ்

கர்சஸ் என்பது யூனிக்ஸ் முனையத்தில் எழுத்துகளைக் கொண்டே படிவம், பட்டி, சாளரம், விளையாட்டு முதலியவற்றை அமைக்க உதவும் சி மொழி நிரலகம். 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில், பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் கென் ஆர்னால்டு இதை எழுதினார். கர்சரைச் சிக்கனமாக நகர்த்தும் உத்திகள் பில் ஜாயின் விஐ திருத்தியிலிருந்து வந்தவை. அக்காலத்தில் முனையத்துக்கு முனையம் கட்டளை மாறியது: திரையைத் துடைக்க ஏடிஎம்-3ஏவுக்கு கன்ட்ரோல்-இசட் போதும், 1978இல் வந்த விடி100க்கு எஸ்கேப்பில் தொடங்கும் தொடர் வேண்டும். இவ்வேறுபாடுகளைப் பட்டியலிட்ட ஜாயின் டெர்ம்கேப் கோப்பை கர்சஸ் பயன்படுத்திக்கொண்டது.

கர்சஸின் வடிவத்தைத் தீர்மானித்தது முனையத்தைக் கணினியோடு இணைத்த கம்பியின் வேகமே. 300 பாட் மோடத்தில் நொடிக்குச் சுமார் 30 எழுத்துகள் செல்லும். 24 வரி, 80 பத்தி கொண்ட திரையில் 1,920 இடங்கள். அத்தனையும் நிரம்ப ஒரு நிமிடத்துக்கு மேலாகும். ஆகவே கர்சஸ், திரையில் இருப்பதாகக் கருதும் நிலையையும் இனி இருக்கவேண்டிய நிலையையும் நினைவகத்தில் வைத்து ஒப்பிட்டு, வித்தியாசத்தை மட்டும் அனுப்பியது. ரோக் விளையாட்டின் வீரனான @ ஓரடி நகர்ந்தால், விட்ட இடத்தில் ஒரு புள்ளி, தொட்ட இடத்தில் ஒரு @; கம்பியில் போவது அவ்வளவுதான், கூடவே கர்சரை நகர்த்தும் ஓரிரு குறிகள். கர்சஸால் ரோக் பிறந்தது என்பாரும், ரோக்கால்தான் கர்சஸ் பரவியது என்பாரும் உண்டு. இரண்டிலும் உண்மை இருக்கலாம்.

ஏடி அண்ட் டியின் சிஸ்டம் ஃபைவ், டெர்ம்கேப்புக்குப் பதிலாக மேரி ஆன் ஹார்ட்டனின் டெர்மின்ஃபோவைக் கொண்டுவந்தது. பாவெல் கர்ட்டிஸின் பிகர்சஸிலிருந்து 1993இல் என்கர்சஸ் உருவானது. அதை வளர்த்த செய்த் பென்-ஹலீம், எரிக் ரேமண்ட், தாமஸ் டிக்கி ஆகியோரில் யார் பங்கு எவ்வளவு என்பதில் கருத்தொற்றுமை இல்லை.

கம்பி விரைவானபின் இந்தச் சிக்கனம் எதற்கு என்று கேட்கலாம். முழுத்திரையையும் துடைத்து எழுதினால் இன்றும் மினுக்கும். தொலைக் கணினியில் வேலை செய்வோருக்குத் தாமதமும் தெரியும். அதைவிட முக்கியம், எது மாறியது என்ற கவலை நிரலருக்கு இல்லாமற்போவது. அதனால்தான் காரணம் மறைந்தும் உத்தி நிலைத்தது: ரஸ்ட் மொழியின் ரட்டட்டூயி நிரலகமும் இரு நிலைகளை ஒப்பிட்டே வரைகிறது.

பலவீனமும் இதே உத்தியில்தான் இருக்கிறது. கர்சஸ் திரையைப் பார்ப்பதில்லை. தன் நினைவை நம்புகிறது. வேறொருவர் அனுப்பிய செய்தி நடுவே விழுந்தால் திரை குழம்பும். பல நிரல்களில் கன்ட்ரோல்-எல் அழுத்தினால் புதிதாக வரையப்படும். தமிழில் சிக்கல் இன்னும் ஆழம். ‘கொ’ என்பது யூனிகோடில் ககரமும் ஓர் உயிர்க்குறியும். அக்குறி எழுத்தின் இருபுறமும் தோன்றும். அதற்கு எத்தனை கட்டம் என்பதில் நிரலும் முனையமும் வேறுபட்டால், அந்த வரியில் அதன்பின் வருவதெல்லாம் விலகிப்போகும். இங்கே கன்ட்ரோல்-எல் உதவாது. இரண்டும் பழைய கணக்கையே மறுபடி போடும்.